ஆச்சா என்று எட்டிப்பார்ப்பவர்

அரையாண்டு விடுமுறை விட்ட அன்று சாயங்காலம் மார்த்தாண்டத்தில் பேருந்து முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. மடியில் பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் கட்டு, காலடியில் காய்கறிப் பை, நின்று நின்று வீங்கிப்போன கணுக்கால்கள். பக்கத்து இருக்கைப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "டீச்சருக்கு இனி ஒம்பது நாள் ரெஸ்டுதான், இல்லியா?" என்றாள். ஆமா, ரெஸ்டு. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் ஒரு வகுப்பாவது முடியும். அடுக்களைக்கு மணியும் கிடையாது, கடைசி பீரியடும் கிடையாது. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய?

மறுநாள் காலை ரயிலில் மகள் வருகிறாள். பெங்களூரில் வேலை, அங்கேயே குடித்தனம். நாலரை மாதம், முதல் பிள்ளை. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும் வருகிறாள். எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் பலகாரம் சுட்டுக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்து வருவோம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் முந்தின வாரம் போனில் அவள், "இங்க வீட்டுக்கு எதுக்கவே ஆஸ்பத்திரி இருக்கு. பிள்ளையக் குளிப்பாட்ட ஆளும் கிடைக்கும். நான் வந்து பாத்துட்டுச் சொல்லுதேம்மா" என்றாள். வந்து பார்த்துவிட்டு! பிறந்து வளர்ந்த வீட்டில் என்னத்தைப் பார்ப்பாளாம்? அந்த ஒரு சொல் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய ஒன்று என்னிடம் இருந்தது.

எனக்கு மணம் தெரியாது.

சளி பிடித்தால் அடைக்குமே, அந்த மாதிரி இல்லை. அறவே தெரியாது. ஊர் முழுக்கக் கதவடைத்துக்கொண்டு கிடந்த அந்தக் காய்ச்சல் காலம் முடிந்து, எல்லாரும் அதை மறந்தும்போன பிறகு, எனக்கு ஒரு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வந்துவிடும், வந்துவிடும் என்று இருந்தேன். யாரிடமும் சொல்லாமல் நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று சொல்லி ஒரு சொட்டுமருந்து எழுதித் தந்தார். மாதம் போகப் போக, சொல்லியிருக்க வேண்டிய நேரமும் தாண்டிப்போயிற்று. ஆறு மாதம் கழித்துப் போய், "எனக்கு மணம் தெரியாது கேட்டியளா" என்று ஒரு புருஷனிடம் எப்படி ஆரம்பிப்பது? அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றமுள்ள ஒன்றைக் கலக்கிறார்கள் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். நாக்குக்குத் தெரிவது உப்பும் புளிப்பும் கசப்பும் மாதிரி சிலதுதான், மற்ற ருசியெல்லாம் மூக்கின் வேலை என்று படம் வரைந்து நடத்துகிறவளும் நான்தான். அதனால் என் நிலைமை எனக்கு நன்றாகவே தெரியும். பால் திரிந்ததா தெரியாது. மீன் பழசா தெரியாது. அடுப்பு அணைந்து கேஸ் போய்க்கொண்டிருந்தால் தெரியாது. இப்படிப்பட்ட ஒருத்தியின் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் பச்சைப்பிள்ளையைக் கிடத்த எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்? நானாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முப்பது வருஷமாக அந்த அடுக்களையைத் திட்டாத நாள் இல்லை. விடிந்தால் புட்டும் பயறும், மதியத்துக்குச் சோறும் இரண்டு கூட்டானும், பிறகு ஓடிப்போய்ப் பேருந்து. யாராவது வந்து இதை என் தலையிலிருந்து இறக்கிவைக்க மாட்டார்களா என்று எத்தனை தடவை அழுதிருக்கிறேன். ஆனால் பறித்துவிடுவார்கள் என்று வந்தபோது, விட மனசில்லை. மனுஷியின் புத்தியை என்ன சொல்ல!

இரண்டு வருஷம் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டால், கண்ணாலும் காதாலும்தான். கடுகு வெடிப்பது காதில் விழும். பருப்புக்கு மொபைலில் அலாரம் வைப்பேன். என் உயிரை வாங்கியது தீயல் ஒன்றுதான், வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பு. தேங்காயைத் திருவி, கொத்தமல்லியும் வற்றல் மிளகாயும் சேர்த்து, சீனச்சட்டியில் சின்னத் தீயில் வறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மணம் திரும்பும். அந்த நிமிஷத்தில் இறக்க வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் கரிந்த கசப்பு. அந்த நிமிஷத்தைச் சொல்லித்தர மூக்கைத் தவிர வேறு வாத்தியார் இல்லை. நான் கண்டுபிடித்த தந்திரம் பாகற்காய். பாகற்காய்த் தீயல் என்றால் கசப்புக்குக் கேள்வி இல்லை, தேங்காய் கொஞ்சம் கரிந்தாலும் பழி காயின்மேல் போகும். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் எத்தனை கிலோ பாகற்காய் போயிருக்கும் என்று தெரியவில்லை.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரர் தொந்தரவு வேறு. அரசுப் பேருந்து டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், இரண்டு வருஷமாக நான் அடுப்பைப் பற்றவைத்தால் போதும், பின்னால் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஆச்சா?"

"ஆச்சின்னா விளிக்க மாட்டேனா? எதுக்கு இங்க வந்து நிக்கியோ? போய்ப் பேப்பர் படியுங்கோ."

போவார். ஐந்து நிமிஷத்தில் திரும்ப வருவார். தேங்காய் வறுக்கும்போதுதான் ரொம்ப மோசம், சட்டியைப் போட்டதிலிருந்து காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஆச்சா?" என்று அவர் கேட்கும் தொனியிலேயே எனக்கு எரிச்சல் தலைக்கேறும். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகத் திரும்பி நின்று இரண்டு வார்த்தை சுடச்சுடக் கொடுத்தால்தான் நகர்வார். காலைப்பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் தருவார், ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக மோந்து பார்ப்பார். "என்ன, நாயா நீங்க?" என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். மீன் வாங்க என்னை விடமாட்டார், சந்தைக்கு அவரே போவார். டிப்போக் கூட்டாளிகள் வருஷா வருஷம் பேச்சிப்பாறை அணைக்கு வேன் பிடித்துப் போவார்கள், அதற்கும் போவதில்லை. கேட்டால் மூட்டுவலி. "இப்படி எப்பவும் வீட்டுக்குள்ளயே கிடந்தா மூட்டு துருப்பிடிக்காம என்ன செய்யும்?" என்று அதற்கும் திட்டு வாங்கினார்.

மகள் வந்தாள். முகம் வெளுத்து, கண் குழிந்து, ஆனால் ஒரு பளபளப்போடு இருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, பக்கத்து வீட்டுல சாளை மீன் பொரிக்காவளா?" என்றாள். அவளுக்கு அந்த மாதத்தில் மூக்கு இரண்டு மடங்கு வேலை செய்தது. சோப்பு மாற்றியிருப்பது தெரிந்தது, பீரோவுக்குள் பாச்சா உருண்டை போட்டிருப்பது தெரிந்தது, மாடிப்படியில் பூனை வந்து போனதுகூடத் தெரிந்தது. ஒரே வீட்டில் அப்படி ஒரு மூக்கும் இப்படி ஒரு மூக்கும். நான் பயந்த தேர்வு பயந்தபடியே வந்து சேர்ந்தது.

இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். அப்பாவும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அடுக்களை மேசையிலேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. பொங்கிய சத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை, அவ்வளவு தூக்கம் கண்ணில். மகள் வாசலில் நின்றே கத்தினாள்.

"அம்மா! கேஸ்! கேஸ் நாறுது!"

ஓடிவந்து அடுப்பை மூடி, சன்னலெல்லாம் திறந்தாள். அவர் பின்கதவைத் திறந்துபோட்டார். நான் சிவப்புப் பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்க, உனக்குத் தெரியலியா?"

"சளி, மக்கா. ரெண்டு நாளா மூக்கு அடச்சிருக்கு" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! அவர் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓட்டு விழுந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

அன்றைக்கே மொபைலில் எதையோ ஆர்டர் போட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்சல் வந்தது. உள்ளே சோப்புப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு கருவி, கேஸ் கசிந்தால் கத்துமாம். கூடவே அடுக்களைக்கு ஒரு புது எல்.ஈ.டி. விளக்கு. "குகைக்குள்ள சமைக்க மாதிரில்லா இருக்கு" என்று எங்கள் மஞ்சள் பல்பைப் பற்றிச் சொன்னாள். விளக்கை உடனே மாற்றிவிட்டு அவர் அந்தக் கருவியைக் கையில் எடுத்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு ஸ்குரூடிரைவரை அப்படி ஆசையாகப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. மகள் அலமாரிக்கு மேலே மாட்டச் சொன்னாள்.

"மேல மாட்டுனா சும்மா அலங்காரத்துக்கு இருக்கும். சமையல் கேஸ் கனமாக்கும், கீழதான் வந்து கிடக்கும்" என்று, வயர் இழுத்து சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையோடு ஒட்டி மாட்டினார். சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அதன் முகத்தில் பிடித்தார். வீடே அதிரும்படி கத்தியது. மூன்று தடவை சோதித்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார்.

அதோடு அவர் அடுக்களைக்கு வருவது நின்றுபோயிற்று.

முதலில் எனக்கு அது தெரியவே இல்லை. இரண்டு வேளை சமையல் முடிந்த பிறகுதான் யாரும் "ஆச்சா?" என்று கேட்கவில்லை என்று உறைத்தது. அப்பாடா, கடவுள் கண்ணைத் திறந்தார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. வயசாகிவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டு மீதி விடைத்தாளை எடுத்தேன்.

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கூட்டாளிமாரு இன்னைக்கு பேச்சிப்பாறைக்குப் போறாங்க. நானும் போயிட்டு வரட்டா?"

"மூட்டுவலி?"

"அது இப்பம் கொள்ளாம்."

போனார். வேனில் ஏறும்போது மூட்டுவலிக்காரன் மாதிரியே தெரியவில்லை.

அன்றைக்கு மகள், "அம்மா, வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல. உன் உள்ளித் தீயல் வச்சித் தாயேன். அத நினச்சாலே நாக்குல தண்ணி ஊறுது" என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பாகற்காய்த் தீயல் வைக்கட்டுமா என்று கேட்டுப்பார்த்தேன். முகத்தைச் சுளித்தாள். உள்ளித் தீயலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. உள்ளி என்றால் எங்களுக்குச் சின்ன வெங்காயம், அது இனிக்கும், தேங்காய் ஒரு துளி கரிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் எனக்கு ஒரு தைரியம். இரண்டு வருஷத்தில் எத்தனையோ தீயல் வைத்தாயிற்று, ஒன்றுகூடக் கெடவில்லை. பாகற்காய்த் தந்திரம்கூடத் தேவைப்படாமல்தான் இருந்தது. மூக்கு போனாலும் கைப்பழக்கம் போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் வைத்திருந்தேன். இதை நன்றாக வைத்துக் கொடுத்துவிட்டால் அவள் மனசு இந்தப் பக்கம் சாயும் என்று வேறு கணக்குப் போட்டேன்.

ஒரு மூடி தேங்காய் திருவி வறுக்க ஆரம்பித்தேன். வெள்ளை மாறி மஞ்சளாயிற்று. மஞ்சள் கூடியது. நான் அந்தச் சிவப்புக்காகக் காத்துநின்றேன், பழைய பல்பின் வெளிச்சத்தில் தேங்காய்க்கு வருமே, அந்தச் சிவப்பு. புது விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் அது வரவே இல்லை. இப்போதா, இன்னும் கொஞ்சமா, இப்போதா? கிண்டிக்கொண்டே இருந்தேன். காது தானாகப் பின்பக்கம் போயிற்று. எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காலடிச் சத்தத்துக்காக. "ஆச்சா?" என்று ஒரு குரலுக்காக. அது வந்தால் நான் அடுப்பை அணைப்பேன். அணைத்துவிட்டுத்தானே திட்டத் திரும்புவேன்?

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கடவுளே.

இரண்டு வருஷமாக என் தீயலை இறக்கியது நான் இல்லை.

முற்றத்திலிருந்து மகள் கத்தினாள். "அம்மா, தேங்கா கரியுது!" ஓடிவந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பப் பின்வாசலுக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சட்டிக்குள் எல்லாம் காப்பித்தூள் நிறத்தில் கிடந்தது. தரையோரம் அந்த வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கம்மென்று இருந்தது. அதற்கு கேஸ் தெரியும், தேங்காய் தெரியாது.

அவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவிவிட்டேன். அவள் படியில் உட்கார்ந்து, "இப்பவும் சளியாம்மா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டாள். இனியும் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சத்தியமாக, களைத்துப்போயிருந்தேன். இரண்டு வருஷமாக ஒரு மூக்கை நடிப்பது சின்ன வேலையா?

"சளி இல்ல மக்கா. எனக்கு மணமே தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ பேறுகாலத்துக்கு வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

அவள் முற்றத்துக் கமுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பயமாத்தான் இருக்கும்மா" என்றாள். "அன்னைக்குக் கேஸ் போனப்போ நாங்க வராம இருந்திருந்தா?" அவள் சொன்னது நியாயம். எழுந்துபோய் அந்தச் சட்டியைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கண்ணீர் வந்தது, துடைக்கக்கூட இல்லை. அன்று மதியம் இரண்டு பேரும் துவையலோடு கஞ்சி குடித்தோம்.

சாயங்காலம் அவர் வந்தார். வெயிலில் கறுத்து, தலையெல்லாம் புழுதி. வந்ததும் வாசலில் நின்று மூக்கை ஒரு இழுப்பு இழுத்தார். "தேங்கா கரிஞ்சிதா?" என்றார். வீடு முழுக்க அந்த வாடை இன்னும் நின்றிருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்?

"அம்மா எல்லாம் சொல்லியாச்சு, அப்பா" என்றாள் மகள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூட்டை நீவிக்கொண்டார், வலியும் கொஞ்சம் உண்மைதான் போலிருக்கிறது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"காய்ச்சல் மாறுன பொறவு ஒரு நாள் பிச்சிப்பூ வாங்கிட்டு வந்தேன்லா? நீ வாங்கி நேரா தலையில வச்ச. எப்பவும் மூக்குல வச்சிட்டுத்தான் உனக்குத் தலைக்குப் போவும்." மறுபடி மூட்டை நீவிக்கொண்டு, "பெறவு ரெண்டு மூணு தடவ வாங்கிட்டு வந்து பாத்தேன். அப்படியேதான் வச்ச" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீ சொல்லலியே."

முப்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு பதில். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு வருஷமாக நான் ஒளித்ததும் இவர் கண்டும் காணாததுமாக இருந்ததும்! அவர் குடித்துப் பார்த்துத் தந்த காலைப்பால், மோந்து வெளியே வீசிய குழம்பு டப்பாக்கள், போகாமல் விட்ட பேச்சிப்பாறை, நான் வாயால் கொடுத்த திட்டுகள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன.

"அப்பம் இந்த ரெண்டு நாளா ஏன் வரல?" என்று கேட்டுவிட்டேன்.

"மெஷின் வந்தாச்சுல்லா." குற்றவாளி மாதிரி அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். "கொஞ்சம் உறங்கணும்போல இருந்துச்சு. ஒரு நாள் வெளிய போவணும்போல இருந்துச்சு. தேங்காய நினக்கல, கேட்டியா. அது என் தப்பு."

தப்பாம்! அவருக்கும் ஒரு விடுமுறை வேண்டியிருந்திருக்கிறது, இரண்டே நாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. களைப்பெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, டிப்போவில் பேசுகிற குரலில் சொன்னார். "மக்ளே, பிரேக்க நானே சவுட்டிப் பாக்காம எந்த வண்டிக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. இந்த அடுக்களைய ரெண்டு வருஷமா பாத்துட்டுதான் இருக்கேன். இனி வேற எங்கயும் போவ மாட்டேன். அன்னைக்குக் கேஸ் போனது நான் இல்லாத நேரத்துல. அதுக்குத்தான் இப்பம் மெஷின். பொறவு உன் இஷ்டம்."

அவள் எழுந்துபோய், தரையோரம் எரிந்த அந்தப் பச்சை விளக்கைக் குனிந்து பார்த்தாள். இரவு சாப்பிட்டுக் கை கழுவப் போகிறபோதுதான், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏழாம் மாசம் பலகாரம் கொண்டுவரும்போ முந்திரிக்கொத்து நெறய வேணும். ஆனா அப்பாவ பக்கத்துல நிறுத்திட்டுத்தான் சுடணும், கேட்டியா?"

நான் தலையாட்டினேன்.

மறுநாள் விடுமுறையில் ஆறாவது நாள். விடைத்தாள் இன்னும் பாதிக் கட்டு மிச்சம். கணுக்கால் வீக்கம் வற்றவில்லை. மகளுக்கு உள்ளித் தீயல் பாக்கி நிற்கிறதே என்று இன்னொரு மூடி தேங்காயைத் திருவினேன். புது விளக்கைக் கழற்றச் சொல்லவில்லை, எந்த விளக்கானாலும் எனக்கு ஒன்றுதான். சட்டியைப் போட்டதுமே முன்னறையில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. அவர் வந்து, வழக்கம்போல நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், எங்கே திட்டிவிடுவேனோ என்று வாயைத் திறக்காமல் நின்றார். நான் ஒரு ஸ்டூலை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். "மூட்டுவலியோட எதுக்கு நிக்கியோ? இருங்கோ" என்றேன். உட்கார்ந்தார்.

தேங்காய் மஞ்சளாகி, மஞ்சள் கூடி வந்தது. நான் கிண்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆச்சா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடி, மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார்.

"இல்ல. இன்னும் கொஞ்சம் கிண்டு. நான் சொல்லுதேன்."